துறைமுகம் இல்லாதிருந்த துறைமுகப் பட்டினம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை தினத்தை ஒட்டித் தாங்கள் வெளியிட்ட சிறப்பு இணைப்பை ஒரு வரி விடாமல் படித்தேன். பழைய புகைப்படங்களைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்த உழைப்புக்கு நன்றி சொல்லித்தான் இக்கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆயினும் முதன்மைக் கட்டுரை சொல்லும் கதையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஆளரவமற்ற மணல்வெளியில் 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வந்து இறங்கினர், கோட்டை கட்டினர், துறைமுகம் அமைத்தனர், வணிகம் பெருகியது, நகரம் வளர்ந்தது என்று அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக முப்பத்தைந்து ஆண்டுகள் மூட்டை எண்ணியே காலம் தள்ளியவன் நான். அந்த வரிசையில் துறைமுகத்தைக் கோட்டைக்கு அடுத்தபடியாக வைத்திருந்ததைக் கண்டதும் பத்திரிகையைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டேன். கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அத்தனை காலமும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கையும் மனிதரையும் கொண்டு சேர்த்தவர்கள் யார் என்ற கேள்வி அந்த இணைப்பில் ஓரிடத்திலும் எழவில்லை.

ஆளரவமற்ற மணல்வெளி என்பதை முதலில் பார்த்துவிடலாம். வந்தவாசியிலிருந்து ஆண்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர், ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டேக்குக் கொடுத்த ஒப்பந்தமே மதராசபட்டினம் என்று ஊரின் பெயரைச் சொல்கிறது. துறையில் கிடைக்கும் சுங்க வருவாயில் பாதி நாயக்கருக்கு என்றும் பேசுகிறது. ஆளே இல்லாத இடத்துக்குப் பெயர் எதற்கு, சுங்கத்தில் பங்கு எதற்கு? தெற்கே திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு இருக்கிறது. மயிலாப்பூரின் பழமையை நான் சொல்லத் தேவையில்லை. சாந்தோமில் போர்த்துக்கீசியர் வந்து குடியேறி அப்போதே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கோட்டை எழுந்த மணல்திட்டில் பெரிய ஊர் இல்லை என்பது மெய்தான். அங்கே இருந்தவை குப்பங்கள். குப்பத்தை ஊராக எண்ணாத வழக்கம் கும்பெனியோடு தொடங்கியதா, அதற்கு முன்பே இருந்ததா என்பதை வாசகர்களின் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. டே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல துறைமுகத்துக்காக அன்று. கப்பல் ஒதுங்க ஒரு வளைகுடாவோ, உள்ளே நுழைய ஆழமான முகத்துவாரமோ இங்கே கிடையாது. வடக்கே பழவேற்காட்டில் ஏரியும் கழிமுகமும் இருந்தன. அங்கே டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டு முதலே கோட்டை கட்டி அமர்ந்துவிட்டிருந்தார்கள். டே பார்த்தது துணியை. மற்ற இடங்களைவிட இங்கே நீளத்துணி இருபது விழுக்காடு மலிவாகக் கிடைக்கும் என்றே அவர் தம் மேலிடத்தாரிடம் சொன்னார். அந்தத் துணியின் அடையாளங்கள் இன்றும் பேருந்துப் பலகைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வண்ணாரப்பேட்டை, ஊராரின் அழுக்குத் துணியை வெளுத்ததால் பெயர் பெற்ற இடம் என்று இளைஞர் பலர் நினைக்கிறார்கள். தறியிலிருந்து இறங்கிய கோடித் துணியைக் கும்பெனியின் ஏற்றுமதிக்காக வெளுத்துப் பதப்படுத்தியவர்கள் வாழ்ந்த பேட்டை அது. 1730களில் நெசவாளருக்காக உண்டாக்கப்பட்ட சின்னத்தறிப்பேட்டை சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. கவர்னர் காலெட்டின் பெயரில் திருவொற்றியூர் அருகே எழுந்த காலெட்பேட்டை, காலடிப்பேட்டை ஆகிவிட்டது. வெள்ளைக்காரப் பெயரைத் தமிழ் நாக்கு அரைத்துத் தனதாக்கிக்கொண்ட விதத்தை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

நெய்தாயிற்று, வெளுத்தாயிற்று, மூட்டையும் கட்டியாயிற்று. கப்பலோ கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. இடையில் இருப்பது நம் கடற்கரையின் அலை. மெரினாவில் கால் நனைப்பவர்களுக்கு அது விளையாட்டாகத் தெரியலாம். கரைக்கு இணையாக ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து உடையும் அந்த அலை வரிசைகளுக்குள் ஐரோப்பியக் கப்பலின் சொந்தப் படகுகள் வரத் துணியவில்லை. வந்தவை தரைதட்டி உடைந்தன. ஆகவே அவை அலைக்கு வெளியே நின்றன. அலைக்கு உள்ளே இந்நாட்டுக் கரையோர மக்களின் படகுகளே ஓடின. ஆங்கிலேயர் அவற்றை மசூலா படகுகள் என்று எழுதினார்கள். சலங்கு என்பது நம்மவர் வழங்கிய பெயர்.

அந்தப் படகின் வகையைச் சேர்ந்த ஒன்றைச் சிறுவயதில் காசிமேட்டுக் கரையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போது அது கரைவலை இழுக்கப் பயன்பட்டது. பலகையின் ஓரம் நெடுகச் சிறு சிறு துளைகள். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் வைக்கோற்புரி. அதன்மேல் தேங்காய் நார்க் கயிற்றைக் குறுக்காக இழுத்து இழுத்துப் போட்ட தையல். தலைமுதல் கால்வரை ஓர் ஆணி கிடையாது. உள்ளே விலா எலும்பு போல நிற்கும் சட்டமும் கிடையாது. வெயிலில் நெடுநேரம் கிடந்தால் தையல் உலர்ந்து இடுக்கு விரியும். கடலில் இறங்கியதும் நார் ஊறிப் பெருத்து இடுக்கை அடைக்கும். அப்படியும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை இறைத்து ஊற்றவே ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். இதைப் பார்த்துவிட்டு, பழங்கந்தலைத் தைத்த மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டபோது, அங்கிருந்த பெரியவர் படகின் பக்கப் பலகையை முழங்காலால் ஓங்கி ஓர் அழுத்து அழுத்திக் காட்டினார். பலகை உள்ளே போய்த் திரும்பி வந்தது. ஆணி அடித்த படகு மணலில் மோதினால் முரண்டு பிடித்து உடையும், தைத்த படகு வளைந்து கொடுத்து எழும் என்பதை அவர் ஒரு சொல்லும் பேசாமல் எனக்கு விளக்கிவிட்டார்.

அலை கடக்கும் வேலை பார்வைக்கு எளிது. பின்புறம் நின்றபடி நீண்ட துடுப்பால் திசை பிடிப்பவர் தண்டல். அவருக்கு முன்னே எட்டுப் பேரோ பத்துப் பேரோ துடுப்புப் போடுவார்கள். கரையை நோக்கி வருகையில், பின்னால் எழும் அலையின் முதுகில் படகை ஏற்றி அது உடைவதற்குள் அதோடு ஓடிவிட வேண்டும். ஒரு கணம் முந்தினால் படகு குப்புறக் கவிழும், பிந்தினால் அடுத்த அலை உள்ளே விழும். படகு குறுக்கே திரும்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. பாட்டின் தாளத்துக்குத் துடுப்பு விழுந்தது என்று வந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தண்டலின் குரல் மாறியதும் பாட்டின் வேகமும் மாறும். முகப்பு மணலில் தட்டியதும் நாலைந்து பேர் கயிற்றோடு குதித்து இழுப்பார்கள். பிறகு துரையையும் துரைசாணியையும் தோளில் தூக்கி நனையாத மணலில் இறக்கிவிடுவார்கள். கூடவே இருபுறமும் கட்டுமரங்கள் வரும், விழுந்தவரைத் தூக்க. அலை மிகுந்து படகும் போக முடியாத நாட்களில் கட்டுமரக்காரர் மட்டும் பனையோலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்வந்தார்கள். ஐரோப்பியர் உயிரைக் காத்த கட்டுமரக்காரருக்குப் பதக்கம் கொடுத்ததும் உண்டு. கட்டுமரம் என்ற சொல்லை உலகமே எடுத்துக்கொண்டது; அதன் மீது நின்றவரின் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

இந்தப் படகோட்டிகளைப் பற்றி ஐரோப்பியப் பயணிகள் ஓயாமல் சொன்ன புகார் ஒன்று உண்டு. நடு அலையில் துடுப்பை நிறுத்திவிட்டுக் கூடுதல் கூலி கேட்டார்கள் என்பது அது. தங்கள் கட்டுரையாளர் படகோட்டிகளைக் குறிப்பிட்ட ஒரே இடத்திலும் இந்தப் புகாரை வேடிக்கைக் கதையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். படகுக் கூலியையும் ஒழுங்குகளையும் மேலே இருந்தவர்கள் விதித்த காலத்தில், கூலியைப் பற்றிப் பேச அவர்களுக்குக் கிடைத்த இடம் அந்த அலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கரையில் கேட்டிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

1744ஆம் ஆண்டு கும்பெனியின் எழுத்தராக வந்த ராபர்ட் கிளைவ், அவருக்கு முன் வந்த எலிஹு யேல், தாமஸ் பிட், பின்னால் வந்த தாமஸ் மன்றோ என்று தங்கள் இணைப்பில் படம் பெற்றிருக்கும் ஒவ்வொருவரும் இந்த அலையைக் கடந்தே கரையேறினார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயலுக்கு அஞ்சிக் கப்பல்கள் இந்தக் கரையைவிட்டே விலகிப் போய்விடும். போகாமல் நின்றவர் பட்ட பாட்டுக்கு 1746ஆம் ஆண்டே சாட்சி. அந்த செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைக் கைப்பற்றினார். அடுத்த மாதமே அடித்த புயலில் அவருடைய கப்பல்களில் பல சேதமடைந்தன, சில மூழ்கின. கோட்டையின் பீரங்கிகளால் ஆகாததைக் காற்று ஓர் இரவில் செய்தது. 1749ஆம் ஆண்டு ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது உடன்படிக்கையால் என்று புத்தகங்கள் சொல்கின்றன. பிரெஞ்சுக்காரரின் கடற்பலம் இந்த ஒதுக்கிடமில்லாத கடலில் ஒடிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

தங்கள் இணைப்பில் ஐஸ் ஹவுஸுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி கப்பலில் வந்தது, அதைச் சேமிக்க 1842ஆம் ஆண்டு அந்தக் கட்டடம் எழுந்தது என்பதெல்லாம் சரி. கப்பலிலிருந்து அந்தக் கட்டிகள் கரைக்கு எப்படி வந்தன? உருகும் சரக்கை உப்புநீர் தெறிக்கும் அலை வழியே கொண்டுவந்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதேபோல, இராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டதைக் கொண்டாடியிருக்கிறீர்கள். இங்கிலாந்திலிருந்து வந்த தண்டவாளங்களையும் இயந்திரங்களையும் இறக்க அன்று இந்தக் கரையில் கடலுக்குள் நீட்டிய ஒரு பாலம்கூடக் கிடையாது. அவையும் அலை வழியேதான் வந்தாக வேண்டும்.

என் மனத்தை விட்டு அகலாதது இன்னொரு பயணம். 1860ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் தொகுதி அது. நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அலைக்கு மேலாக நீட்டிக் கட்டிய இரும்புப் பாலம் 1861ஆம் ஆண்டுதான் முடிந்தது. எனவே அந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் தைத்த படகுகளில் ஏறித்தான் கப்பலை அடைந்திருக்க வேண்டும். அவர்களில் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த பலருக்குக் கடலே புதிதாக இருந்திருக்கும். தங்களைப் போலவே கூலிக்கு உழைத்த பத்துப் பேர் துடுப்புப் போட, சொந்த மண்ணிலிருந்து அவர்கள் கடந்த முதல் தூரம் இந்த அலைகள். தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் கப்பலில் தொடங்குகிறார்கள். படகில் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

இனி, துறைமுகத்துக்கு வருகிறேன். இரும்புப் பாலத்தைப் புயல்கள் அடுத்தடுத்துப் பதம் பார்த்தபின், கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டி அணைத்தாற்போல ஒரு செயற்கைத் துறைமுகம் கட்ட முடிவாயிற்று. 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம். வெளியூர்களிலிருந்து கப்பலில் வந்த தானிய மூட்டைகள் கடற்கரையில் மலைபோல் குவிந்து கிடக்க, உள்நாட்டில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துப் பஞ்சக் கூலிகளைக் கொண்டு கால்வாய் வெட்டியது அந்த நாட்களில்தான். அது கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது, வெட்டியவர்களின் பெயரை அல்ல. துறைமுக வேலை ஏறக்குறைய முடிந்திருந்தபோது 1881ஆம் ஆண்டு நவம்பரில் வந்த புயல் அதை அடித்து நொறுக்கியது. மீண்டும் கட்டி முடிக்க மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இதைத்தான் தங்கள் கட்டுரை இரண்டே சொற்களில் முடித்துவிட்டது.

கட்டி முடித்தும் நிம்மதி இல்லை. நம் கடலில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலை இழுத்துச் செல்கிறது. துறைமுகச் சுவர் குறுக்கே விழுந்ததும் மணல் தெற்கே தேங்கியது; கிழக்கே பார்த்திருந்த வாயிலையும் அடைக்க வந்தது. 1904ஆம் ஆண்டு துறைமுகத் தலைவராகப் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை மூடி, வடகிழக்கில் புதிய வாயில் திறக்கச் செய்தார். (கணித மேதை இராமானுஜத்துக்கு மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கர் வேலை கிடைத்தது அவர் தலைவராக இருந்த இதே அலுவலகத்தில்தான். என் போன்ற கணக்கர்களுக்கு அதில் ஒரு பெருமை, எங்களுக்கு இராமானுஜத்தின் கணக்கு விளங்காவிட்டாலும்.) தெற்கே தேங்கிய மணல் மெரினாவை இன்றைய அகலத்துக்கு விரித்தது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் தின்றது. தெற்கே உலாவும் சாலை, வடக்கே கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவர். இரண்டும் ஒரே சுவரின் விளைவுகள் என்பதைத் தங்கள் இணைப்பில் மெரினாவைப் புகழும் பக்கத்தில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். சந்தேகம் உள்ளவர்கள் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கிப் பார்க்கட்டும். பெயரில் கடற்கரை இருக்கிறது. கண்ணில் படுவது சாலையும் அதற்கு அப்பால் துறைமுக மதிலும்தான். ஒரு காலத்தில் அந்த ராஜாஜி சாலை ஓரத்தில்தான் அலை வந்து அடித்தது, அங்கேதான் படகுகள் இறங்கின.

கப்பல்கள் நேரே துறையில் வந்து அணையவும் கிரேன்கள் சரக்கைத் தூக்கவும் தொடங்கியபின் சலங்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்; அந்தக் கிரேன்களின் நிழலில் சம்பளம் வாங்கியவன் நான். ஆனால் அம்மக்கள் இந்நகரில் விட்டுச் சென்றவை கண்ணெதிரே இருக்கின்றன. இராயபுரத்தில் படகோட்டிச் சமூகத்தார் 1829ஆம் ஆண்டு எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இன்றும் நிற்கிறது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்று அழைத்த வழக்கிலிருந்தே ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். மீனவர் குடும்பத்தில் 1860ஆம் ஆண்டு பிறந்த தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர், 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று இந்தியாவில் முதல் மே தினத்தைக் கொண்டாடத் தேர்ந்தெடுத்த இடங்கள் இரண்டு: உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை, திருவல்லிக்கேணிக் கடற்கரை. இடத்தேர்வு தற்செயலாக இருக்காது என்பது என் எண்ணம்.

அண்மையில் ஒரு மரபு நடையில் கலந்துகொண்டேன். கோட்டை எதிரே நின்று விளக்கம் சொன்ன இளைஞர், ஆங்கிலேயர் வந்திராவிட்டால் இங்கே மீன்வலை மட்டுமே காய்ந்துகொண்டிருக்கும் என்றார். கூட்டம் சிரித்தது. நல்ல பையன், நிறையப் படித்திருந்தான். ஆண்டுகளையும் கவர்னர் பெயர்களையும் தடுமாறாமல் சொன்னான். அவன் படித்தவை எல்லாம் தங்கள் இணைப்பைப் போன்றவையாக இருந்திருக்கும் என்பதால் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இக்கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்தச் சிரிப்பினால்தான்.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. அடுத்த ஆண்டு இணைப்பில் 1639க்கும் 1881க்கும் இடைப்பட்ட துறைமுகமற்ற காலத்துக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்குங்கள். பழைய ஓவியங்களிலும் செதுக்குப் படங்களிலும் மசூலா படகு நிறையவே இருக்கிறது. கோட்டைக்கு முன்னால், அலையின் நடுவே, ஓரமாக வரையப்பட்டிருக்கும். அதில் ஒன்றைப் பெரிதாக்கிப் போடுங்கள். தைத்த படகைக் கண்ணால் பார்த்தவர்கள், அப்பனும் பாட்டனும் ஓட்டிய கதையைக் கேட்டவர்கள் வடசென்னைக் குப்பங்களில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். நிருபர் ஒருவரை அனுப்பினால், வீடு வீடாக அழைத்துப் போக நான் ஆயத்தமாக இருக்கிறேன். காலை வேளையானால் நல்லது, பகலில் அவர்கள் வலை பின்னிவிட்டு உறங்கிவிடுவார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
இராயபுரம், சென்னை.